தகர வாளிகளின் ஓசை



சென்னையிலிருந்து சூலூர்ப்பேட்டை நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, தமிழ்நாட்டின் எல்லையைத் தாண்டுமுன் நிற்கும் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். ஊருக்குக் கிழக்கே பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. அதன் கரையெங்கும் மீனவர் குப்பங்கள். ஆண்கள் வலையோடு கரையேறியதும், அவர்கள் கொண்டுவந்த இறாலையும் நண்டையும் மடவையையும் பெண்கள் கூடைகளில் வாரிக்கொண்டு சந்தைகளுக்குப் புறப்படுவார்கள். காலை வண்டிகளில் அக்கூடைகளுக்கும் ஓர் இடம் உண்டு. அவற்றைச் சுமப்பவர்களின் பேச்சுக்கும் சிரிப்புக்கும் அளவே இல்லை.

அந்நிலையத்தில் ஒருநாள் நான் வண்டிக்காகக் காத்திருந்தபோது, மீன் கூடையை இறக்கி வைத்து அமர்ந்திருந்த தாய் ஒருவருடன் பேச நேர்ந்தது. அவருக்கு ஒரு மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், நல்ல உயரம். பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை அவளைக் கூடைப்பந்து அணியில் சேர்த்திருக்கிறார். அவள் ஆடியதைப் பார்த்த சென்னை மகளிர் கல்லூரி ஒன்று, தன் அணிக்காக அவளுக்கு இடமும் விடுதிக் கட்டணத்தில் சலுகையும் தர முன்வந்திருக்கிறது. வீட்டிலோ ஒரே எதிர்ப்பு. அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு நாலுபேர் முன்னால் ஓடுகிற பெண்ணை நாளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று தாய்மாமன் கேட்கிறாராம். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஐயா, நீங்க நாலெழுத்துப் படிச்சவரு. சொல்லுங்க. பந்து சோறு போடுமா?”

வண்டி வந்துவிட்டது. “யோசித்துச் சொல்கிறேன், அம்மா” என்று மழுப்பிவிட்டு ஏறிக்கொண்டேன். அந்த மழுப்பல் இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இம்மாதம் உங்களோடு சேர்ந்து தேட விரும்புகிறேன். அதற்கு ஒரு கல்லூரியின் கதையைச் சொல்ல வேண்டும். அது கடல் கடந்த கதை. ஆனாலும் நம் இல்லங்களுக்கு நெருங்கிய கதை.

கூடைக்குள் விழுந்த பந்து

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியில் கூடைப்பந்து பிறந்தது. வெளியே கடும்பனி, உள்ளே அடைபட்டுக் கிடந்த இளைஞர்களுக்குப் பொறுமையில்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பீச் பழம் சேகரிக்கும் கூடைகள் இரண்டைக் கூடத்தின் இரு முனைகளிலும் உயரத்தில் அறைந்து மாட்டினார். கூடையில் விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறு ஆண்டே இவ்விளையாட்டு பெண்களிடம் வந்தது. ஸ்மித் மகளிர் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் 1892-இல் தம் மாணவியருக்கு அதைக் கற்பித்தார். ஆனால் பெண்ணுடல் அதிக ஓட்டத்தைத் தாங்காது என்பது அக்காலத்தார் நம்பிக்கை. ஆதலால் ஆடுகளத்தை மூன்றாகக் கோடிட்டுப் பிரித்து, ஒவ்வொரு பெண்ணும் தனக்குரிய பகுதியைத் தாண்டக் கூடாது என்று விதித்தார்கள். முதல் போட்டியைக் காண ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. கோடுகள் பிற்காலத்தில் இடம் மாறின. கட்டுப்பாடு மட்டும் மாறவில்லை. ஆண்களைப் போல ஐவர் ஐவராக ஆடுகளம் முழுவதும் ஓடியாட அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு முறையான இசைவு 1971-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஏறத்தாழ 80 ஆண்டுகள் அவர்கள் கோட்டுக்குள் நின்றிருக்கிறார்கள். “பெண்பிள்ளைக்கு இது ஆகாது” என்னும் சொல் ஆரம்பாக்கத்துத் தாய்மாமனுக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறியலாம்.

தீயில் அழிந்த கூடம்

பிலடெல்பியா நகருக்கு மேற்கே ஒரு குன்றின்மேல், 2002-இல் பல்கலைக்கழகமாகும்வரை இம்மாக்குலேட்டா கல்லூரி என்று வழங்கிய கல்வி நிலையம் அமைந்துள்ளது. நம் வழக்கில் சொன்னால் அமலோற்பவக் கல்லூரி. மரியாயின் மாசற்ற இருதயத்தின் ஊழியர்களான அருட்சகோதரியர் 1920-இல் அதைத் தொடங்கினார்கள். சென்னையில் ஹாரி குரோ பக் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இம்மாக்குலேட்டாவில் படித்தவர்களுள் பலர் பிலடெல்பியா பங்குகளைச் சேர்ந்த உழைக்கும் குடும்பங்களின் பெண்கள். அண்ணன் தம்பிகளோடு தெருவிலும், பங்கு மைதானத்திலும், கன்னியர் நடத்திய உயர்நிலைப் பள்ளிகளிலும் பந்தாடி வளர்ந்தவர்கள். கல்லூரியிலும் அணி இருந்தது. 1967-இல் நேர்ந்த தீ விபத்தில் கல்லூரியின் விளையாட்டுக் கூடம் எரிந்து சாம்பலாயிற்று. அதன்பின் அணிக்குச் சொந்த ஆடுகளமே இல்லை. தாய்மடத்திலிருந்த ஒரு சிறு கூடத்தில் பயிற்சி. போட்டிகளெல்லாம் பிறர் களத்தில்.

இந்த நிலையில்தான் 1970-இல் கேத்தி ரஷ் என்னும் இளம்பெண் பயிற்சியாளராக வந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்; மணமானவர்; அவர் கணவர் தொழில்முறைக் கூடைப்பந்து நடுவர். கல்லூரி அவருக்குத் தந்த சம்பளம் ஓர் ஆண்டுப் பருவத்துக்கு 450 டாலர். அன்றைய அமெரிக்காவில் அது ஒரு குடும்பத்துக்கு ஓரிரு மாதச் செலவுக்குக் கூடப் போதாது. ஊதியத்துக்காக அவர் அப்பணியை ஏற்றார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ரஷ் செய்த முதற்காரியம் தம் மாணவியரிடம் சலுகை காட்ட மறுத்ததேயாகும். கூடம் இல்லை என்பதையோ, பணம் இல்லை என்பதையோ, பெண்கள் என்பதையோ அவர் ஒரு காரணமாக ஏற்கவில்லை. ஆண்கள் ஆட்டத்தில் கையாளப்பட்ட உத்திகளை அவர் கற்றறிந்திருந்தார். எதிரணியினர் பந்தைப் பெற்ற கணமே ஆடுகளம் முழுவதும் நெருக்கி மறிப்பது, பந்து கைக்கு வந்ததும் எதிரணி நிலைகொள்ளுமுன் விரைந்து முன்னேறுவது ஆகியவற்றைத் தம் மாணவியருக்கு ஓயாமல் பயிற்றுவித்தார். கோட்டுக்குள் நிற்கும்படி நேற்றுவரை சொல்லப்பட்ட பெண்களை, களம் முழுவதும் உங்களுடையது என்று ஓடவிட்டார்.

அவ்வணியின் தூணாக விளங்கியவர் தெரசா ஷாங்க். இவர் வேறொரு கல்லூரியில் சேர இருந்தவர். குடும்பத்தின் வீடு தீப்பற்றி எரிந்துபோகவே, பெற்றோரை விட்டுத் தொலைவு செல்ல மனமின்றி, வீட்டிலிருந்தே போய்வரத்தக்க இம்மாக்குலேட்டாவில் சேர்ந்தார். ஒரு தீ கல்லூரியின் கூடத்தை அழித்தது. இன்னொரு தீ அக்கல்லூரிக்கு ஒரு வீராங்கனையைத் தந்தது. இறைவனின் வழிகள் நம் கணக்கில் அடங்குவதில்லை.

பதினைந்தாம் இடம்

1972-ஆம் ஆண்டு. கல்லூரிப் பெண்களுக்கான முதல் முழுமையான தேசியக் கூடைப்பந்துப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடைபெற இருந்தது. அதற்கு முந்தைய வட்டாரப் போட்டியின் இறுதியாட்டத்தில் இம்மாக்குலேட்டா, வெஸ்ட் செஸ்டர் கல்லூரியை எதிர்த்து ஆடியது. வெஸ்ட் செஸ்டர் இம்மாக்குலேட்டாவுக்குச் சில கல் தொலைவிலேயே இருந்த பெரிய அரசுக் கல்லூரி. பயிற்சியாளர் ரஷ் பட்டம் பெற்றதும் அங்கேதான். ஆட்டம் 70-38 என்று முடிந்தது. 32 புள்ளி வித்தியாசத்தில் படுதோல்வி!

ஆயினும் வட்டாரத்தின் இரண்டாம் இடத்தால் தேசியப் போட்டியில் நுழைய வாய்ப்புக் கிடைத்தது. பங்குபெற்ற 16 அணிகளின் தரவரிசையில் இவர்களுக்கு 15-ஆம் இடம். போக வேண்டுமென்றால் பணம் வேண்டும், கல்லூரியிடம் பணமில்லை. மாணவியர் பல் துலக்கும் தூரிகைகளை விற்றுக் காசு சேர்த்தார்கள். சேர்ந்த காசு 8 ஆட்டக்காரர்களுக்கே போதுமானதாயிருந்தது. மற்றவர்கள் ஊரிலேயே தங்கினர். விமானத்திலும் முன்பதிவு செய்த இருக்கை இல்லை. இடம் காலியானால் ஏறிக்கொள்ளலாம் என்னும் மலிவுக் கட்டணத்தில்தான் பயணம். உடையோ, பழைய பள்ளிச் சீருடை போன்ற கம்பளி அங்கி. மாற்று உடை இல்லாததால் இரவில் துவைத்துக் காயவைத்து மறுநாள் அணிய வேண்டியிருந்தது.

முதல் ஆட்டத்தில் வென்றார்கள். காலிறுதியில் இரண்டே புள்ளிகளில் தப்பினார்கள். அரையிறுதியில் மூன்று புள்ளிகளில். மார்ச் 19-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே நின்ற அணி யார் தெரியுமா? ஒரு வாரத்துக்கு முன் அவர்களை 32 புள்ளிகளில் வீழ்த்திய அதே வெஸ்ட் செஸ்டர்!

ஒரே வாரத்தில் அப்பெண்களின் உயரம் கூடவில்லை, வலிமை கூடவில்லை, புதிய கூடமும் முளைக்கவில்லை. தோற்றது எங்கே என்று கண்டு திருத்திக்கொள்ளும் துணிவு மட்டும் கூடியிருந்தது. அன்று 52-48 என்று இம்மாக்குலேட்டா வென்றது. 15-ஆம் இடத்தில் வைக்கப்பட்ட கல்லூரி, தேசத்தின் முதலிடத்தோடு ஊர் திரும்பியது.

வாளி தட்டிய கன்னியர்

இனி நான் சொல்லப்போவது இக்கதையில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி. இம்மாக்குலேட்டாவின் ஆட்டங்களுக்கு அங்கியும் முக்காடும் அணிந்த அருட்சகோதரியர் வரிசை வரிசையாக வந்து அமர்வது வழக்கமாயிற்று. ஆட்டக்காரி ஒருவரின் தந்தை இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் ஒருநாள் தகர வாளிகளையும் தட்டும் கோல்களையும் கொண்டுவந்து கன்னியர் கையில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்! மடத்தின் மௌனத்தில் பழகிய அந்தக் கைகள் வாளிகளை முழக்கிய முழக்கத்தில் அரங்கமே அதிர்ந்ததாம். கல்லூரித் தலைவி அருட்சகோதரி மேரி ஆஃப் லூர்துவும் இளமையில் கூடைப்பந்து ஆடியவரே. ஆதலால் பெண் விளையாடுவதில் அவருக்கு ஐயமே எழவில்லை.

அந்த ஓசைக்கு என்ன பொருள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பிறர் களத்தில் ஆடிய பெண்களுக்கு, இங்கே நமக்குரியவர் இருக்கிறார்கள் என்னும் உறுதியை அது தந்திருக்கும். கல்லூரியிடம் கூடம் இல்லை, பணம் இல்லை, மாற்று உடை இல்லை. வந்து அமர்ந்து வாளி தட்டும் பெரியவர்கள் இருந்தார்கள். நம் ஊர்களில் இது தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். பள்ளி விளையாட்டு விழாவில் மகன் ஓடினால் தந்தை வருகிறார். மகள் ஓடினால் அன்று அவருக்கு வேலை வந்துவிடுகிறது.

1973-இலும் 1974-இலும் இம்மாக்குலேட்டாவே வாகை சூடியது. 1975 ஜனவரி 26-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தோடு அவர்கள் ஆடிய ஆட்டம், அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டம். அடுத்த மாதம் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்குவேர் அரங்கில் முதன்முதலாகப் பெண் அணிகள் மோதின. ஏறத்தாழ 12,000 பேர் கூடினார்கள். அங்கும் வென்றது இந்தக் கல்லூரியே. ஏழு ஆண்டுகளில் கேத்தி ரஷ்ஷின் அணி 149 ஆட்டங்களில் வென்று 15-இல் மட்டுமே தோற்றது. 1977-இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

திறந்த கதவு

கதையை இங்கேயே முடித்தால் இனிமையாக இருக்கும். ஆனால் உண்மை முழுமையாகாது. 1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் என்ற வேற்றுமை காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதன் பயனாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளுக்கும் உதவித்தொகை, அரங்கம், முழுநேரப் பயிற்சியாளர் என்று வாரி வழங்கத் தொடங்கின. விளையாட்டுக்கென உதவித்தொகை தர இயலாத சிறு கல்லூரி அவற்றோடு எங்ஙனம் போட்டியிடும்? 1975-இலும் 1976-இலும் இம்மாக்குலேட்டா இறுதியாட்டத்தில் தோற்றது. அதன்பின் அக்கல்லூரியின் பெயர் தேசிய வாகையரில் இடம்பெறவே இல்லை. பெண்களின் ஆட்டத்தைக் காண மக்கள் திரள்வார்கள் என்று நாட்டுக்குக் காட்டியவர்கள் அவர்கள். கூட்டம் திரண்டபோது அவர்களே பின்வரிசைக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

வீணாயிற்றா? இல்லை. தெரசா ஷாங்க் பின்னர் தெரசா கிரென்ட்ஸ் என்ற பெயரில் புகழ்பெற்ற பயிற்சியாளராகி, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணிக்குப் பயிற்சியளித்தார். அவ்வணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அவரோடு ஆடிய மரியான் கிராஃபோர்டு, மரியான் ஸ்டான்லியாக ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக அணிக்கு மூன்று தேசியப் பட்டங்களைப் பெற்றுத்தந்தார். கேத்தி ரஷ் 2008-இல் நெய்ஸ்மித் பெயரிலான புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். 2014-இல் அந்த அணி முழுவதுமே அங்குச் சேர்க்கப்பட்டது. அவர்கள் கதை திரைப்படமாகவும் வந்தது. கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் மிகுந்த பலன் தரும் என்று நாம் நம்புகிறோம் அல்லவா?

நம் நாட்டு மகளிர்

இது அமெரிக்காவில் நடந்தது. நம் நாட்டில் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் பயிற்சியாளர்கள் தோன்றியிருக்கிறார்கள். சத்தீஸ்கரின் பிலாய் எஃகு நகரில் ராஜேஷ் படேல் என்பவர், எளிய குடும்பத்துப் பெண்களைத் தேடிச் சேர்த்துத் தம் இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார். 2000-இல் உருவான அச்சிறு மாநிலத்தின் பெண்கள் அணியை நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக்கினார். அவர் 2018-இல் மறைந்தபோது, தந்தையை இழந்தவர்களாக அவருடைய மாணவியர் அழுதார்கள்.

கேரளத்தின் சங்கனாச்சேரியில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் அசம்ப்ஷன் மகளிர் கல்லூரி, பல ஆண்டுகளாக நல்ல கூடைப்பந்து வீராங்கனையரை உருவாக்கி வருகிறது. அங்கே படித்த கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியக் கழகமொன்றுக்கு ஆட அழைக்கப்பட்டார். 2011-இல் அமெரிக்கத் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கும் சென்றார். அங்கே இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கதவைத் தட்டிய இந்தியப் பெண் அவர். 2014-இல் அர்ச்சுனா விருது பெற்றார்.

நம் சென்னையின் அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை ஏற்றவர். மணமாகித் தாயான பின் பலர் விளையாட்டை விட்டுவிடுவார்கள். அவரோ மீண்டும் களத்துக்கு வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியா, கஜகஸ்தானை 75-73 என்று வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. தாயாகித் திரும்பிய அனிதா அவ்வணியில் இருந்தார். 2021-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

கீது, அனிதா ஆகிய இருவருக்கும் வாழ்வளித்தது தென்னக இரயில்வேயில் கிடைத்த பணி. விளையாட்டு வீரர்க்கென இரயில்வே பணியிடங்களை ஒதுக்குவது பழைய வழக்கம். அத்துறையின் பெண்கள் அணி நாட்டின் மிக வலிய அணிகளுள் ஒன்றாக விளங்குவதற்கும் அதுவே காரணம். தமிழ்நாட்டிலும் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு இடஒதுக்கீடு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாணவியருக்கு விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. கல்லூரிகளும் அணிக்காக இடம் தருகின்றன.

அந்தத் தாய்க்கு என் பதில்

ஆகவே ஆரம்பாக்கத்துத் தாய்க்கு இப்போது சொல்வேன்: அம்மா, பந்து சிலருக்குச் சோறு போட்டிருக்கிறது. எல்லாருக்கும் போடும் என்று சொன்னால் நான் பொய்யனாவேன். இந்தியாவுக்கு ஆடுவோர் சிலரே. இரயில்வேயில் இடம் பெறுவோரும் சிலரே. ஆனால் உங்கள் மகளுக்குப் பந்து ஏற்கெனவே ஒரு கல்லூரியின் வாயிலைத் திறந்துவிட்டது. அந்தப் பட்டத்தை யாராலும் அவளிடமிருந்து பறிக்க இயலாது. முழங்கால் வலித்துப் பந்தை அவள் ஒருநாள் கீழே வைத்தாலும், படித்த படிப்பு அவளோடு நிற்கும். அதனால் படிப்பைப் பந்துக்காக விடாதே என்று அவளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். பயிற்சியாளர் யார், வெளியூர்ப் பயணத்தில் உடன் செல்லும் பெண் ஆசிரியை யார், விடுதியில் இரவு பொறுப்பாளர் யார், மகளுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தால் அவள் யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். கேட்பது பெற்றோரின் உரிமை. நல்ல கல்லூரி அக்கேள்விகளை வரவேற்கும். முகம் சுளிக்கும் இடமானால் நீங்கள் தயங்குவது நியாயமே. மகளைக் காப்பது என்பது அவளை வீட்டிலே பூட்டி வைப்பதன்று. அவள் போகும் இடத்தைப் பாதுகாப்பானதாக்குவதாகும்.

அந்தத் தாய்மாமனுக்கும் ஒரு சொல். ஐயா, பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்னும் முறை உண்டு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன் மிகுந்த இடங்கள் சில. வலை வீசுவோர் பலர். வலியவர் நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் எளியவர் பட்டினி கிடப்பர். ஆதலால் சீட்டுக் குலுக்கி, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள் உங்கள் முன்னோர். எவ்வளவு உயர்ந்த நீதி! ஆனால் அந்தச் சீட்டில் ஆண்களின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மீனைச் சுமப்பவளும் பெண், விற்பவளும் பெண், விற்ற காசில் உலை வைப்பவளும் பெண்; ஏரியில் அவளுக்கு முறை இல்லை. இப்போது உங்கள் மருமகளுக்கு, ஏரிக்கு வெளியே ஒரு முறை வந்திருக்கிறது. வந்த முறையை மறுப்பது உங்கள் ஊர் நீதிக்கே ஒவ்வாது அன்றோ?

வாசகப் பெருமக்களே, நம்மில் பெரும்பாலோர் பயிற்சியாளர் அல்லர். கூடம் கட்டித்தரும் வசதியும் நமக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் பள்ளி மைதானத்தின் ஓரத்தில் போய் உட்கார ஒரு மணி நேரம் எல்லாரிடமும் உண்டு. பங்கில் ஒரு பெண் பந்தோடு போகக் கண்டால் “இவளுக்கு ஏன் இந்த வேலை” என்று கேட்பதற்குப் பதில், “அடுத்த ஆட்டம் என்றைக்கு, அம்மா?” என்று கேட்கலாம். மடத்துக் கன்னியரே வாளி தட்டினார்கள் என்றால், நாம் கைதட்டவாவது கூடாதா?

அந்தத் தாயின் பெயரைக் கூட அன்று நான் கேட்கவில்லை. ஆயினும் ஆரம்பாக்கம் வழியே செல்லும்போதெல்லாம் நடைமேடையில் கண்ணை ஓட்டுகிறேன். கூடையோடு அவர் தனியே அமர்ந்திருந்தால் மகள் கல்லூரியில் இருக்கிறாள் என்று பொருள். பக்கத்தில் அந்த உயரமான பெண்ணும் தலையில் ஒரு கூடையோடு நின்றால், என் பதில் பிந்திவிட்டது என்று பொருள். உங்கள் ஊர் நிலையத்திலும் இப்படி ஒரு தாய் யாரையேனும் கேட்டுக்கொண்டிருப்பார். உங்களைக் கேட்டால் வண்டி வந்துவிட்டது என்று ஏறிவிடாதீர்கள். அடுத்த வண்டியில் போய்க்கொள்ளலாம். நின்று பதில் சொல்லுங்கள்.